லேசர் எங்க்ரேவிங் மெஷினின் சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைமேல் வைத்துப் பயன்படுத்தும் டயோடு லேசர் மெஷின்களில் பெரும்பாலானவை ஜிஆர்பிஎல் என்ற ஃபர்ம்வேரிலோ (மெஷினின் போர்டுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்) அதன் வழிவந்த ஒன்றிலோ ஓடுகின்றன. அவற்றை லைட்பர்ன் அல்லது லேசர்ஜிஆர்பிஎல் என்ற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் மூலம் இயக்குபவர்களுக்காக எழுதிய பக்கம் இது. கார்பன் டை ஆக்சைடு குழாய் லேசர் எங்கே வேறுபடுகிறதோ அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

இப்போது இருக்கும் எண்களைப் பிரதி எடுங்கள். கன்சோல் சன்னலில் $$ என்று தட்டி என்டர் அழுத்தினால் மெஷின் தன் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். அதை அப்படியே காப்பி செய்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தேதியோடு சேமித்துவிடுங்கள். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது இந்த எண்கள் அழிந்துபோகலாம். பிரதி இருந்தால் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். இல்லையென்றால் ஒவ்வொன்றையும் அளந்து அளந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. செட்டிங்ஸ் இரண்டு இடங்களில் இருக்கின்றன. டாலர் குறியோடு தொடங்குபவை மெஷினின் போர்டுக்குள் இருப்பவை. கம்ப்யூட்டரை மாற்றினாலும் அவை மாறாது. பவர், ஸ்பீடு, இன்டர்வல் (அடுத்தடுத்த வரிகளுக்கு இடையிலான தூரம்), லேயர் (ஒரே செட்டிங்ஸில் ஓடும் வடிவங்களின் தொகுப்பு) போன்றவை சாஃப்ட்வேரில் இருப்பவை. பல சிக்கல்கள் இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் வருகின்றன.

இன்னொருவர் கொடுத்த பவர், ஸ்பீடு எண்களை அப்படியே போட்டும் ஏன் அதே மாதிரி வரவில்லை?

முதலில், எண்பது சதவீதம் என்றால் எதில் எண்பது? 5 வாட் லேசரில் அது 4 வாட். 20 வாட் லேசரில் 16 வாட். இந்த வாட் என்பது லேசர் ஒளியாக வெளியே வரும் வாட்டாக இருக்க வேண்டும். சில மெஷின்களின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண், மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் வாட். ஒளியின் வாட் அதைவிட மிகக் குறைவாக இருக்கும்.

இரண்டாவது, ஸ்பீடின் அலகு. லேசர்ஜிஆர்பிஎல் நிமிடத்துக்கு மில்லிமீட்டரில் பேசும். லைட்பர்னில் நிமிடக் கணக்கையோ வினாடிக் கணக்கையோ நாமே தேர்ந்தெடுக்கலாம். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. என்பதும் வினாடிக்கு 50 மி.மீ. என்பதும் ஒன்றே. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் அறுபது மடங்கு தவறிப்போகும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பவர், ஸ்பீடு, லைன் இன்டர்வல் மூன்றும் தனித்தனி எண்களாகத் திரையில் தெரிந்தாலும், பொருளுக்குப் போய்ச் சேருவது ஒரே ஒரு அளவு: ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு வெப்பம் என்பது. பவரை ஸ்பீடாலும் இன்டர்வலாலும் வகுத்தால் அது கிடைக்கும். 10 வாட், வினாடிக்கு 100 மி.மீ., இன்டர்வல் 0.1 மி.மீ. என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 1 ஜூல். பவரையும் ஸ்பீடையும் தொடாமல் இன்டர்வலை மட்டும் 0.05 ஆக்கினால் அது 2 ஜூல் ஆகிவிடும். "ஸ்பீடும் பவரும் அதேதான், ஆனால் கருகிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் கேட்பது இன்டர்வல் என்ன என்பதைத்தான்.

ஆனாலும் இந்தக் கணக்கு அருகில் கொண்டுபோய் விடுமே தவிர, முடிவைச் சொல்லாது. குறைந்த பவரில் மெதுவாகப் போனால் வெப்பம் பக்கவாட்டில் பரவி ஓரம் பழுப்பாகும். அதிக பவரில் வேகமாகப் போனால் கோடு கூர்மையாக வரும். மொத்த ஜூல் ஒன்றாக இருந்தாலும் பார்வைக்கு இரண்டும் வேறு. பலகையின் ஈரம், பிளைவுட்டின் பசை, லென்ஸில் படிந்த புகை ஆகியவையும் சேர்ந்து விளைவை மாற்றும்.

அப்படியானால் என் மெஷினுக்கான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

மெட்டீரியல் டெஸ்ட் கட்டம் போட்டுப் பாருங்கள். லைட்பர்னில் லேசர் டூல்ஸ் மெனுவில் இது தயாராகவே இருக்கிறது. ஒரு பக்கம் ஸ்பீடு ஏறிக்கொண்டே போகும், இன்னொரு பக்கம் பவர். முதல் முறை இடைவெளிகளை அகலமாக வையுங்கள்: பவர் 10 முதல் 100 வரை, ஸ்பீடு மெஷினின் எல்லைக்குள் குறைந்தது முதல் அதிகம் வரை. எந்தக் கட்டம் பிடித்திருக்கிறதோ அதைச் சுற்றி இடைவெளியைக் குறுக்கி இரண்டாவது முறை ஓட்டுங்கள். வேலை எந்தப் பலகையில் நடக்கப்போகிறதோ அதே பலகையின் ஓரத்தில் செய்வது நல்லது. ஒரே வகை மரத்திலும் ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் வித்தியாசம் இருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: 5 மி.மீ. அளவுள்ள சின்னக் கட்டங்களில் அதிக ஸ்பீடுகளை நம்பாதீர்கள். மெஷின் ஒரு வேகத்தை எட்டுவதற்கு ஓடுதூரம் தேவை. ஆக்சலரேஷன் (ஒவ்வொரு வினாடியும் வேகம் எவ்வளவு கூடும் என்பது) 500 என்று இருந்தால், வினாடிக்கு 100 மி.மீ. வேகத்தை எட்டவே 10 மி.மீ. ஓட வேண்டும். ஓவர்ஸ்கேன் (படத்துக்கு வெளியே கூடுதலாக ஓடி வேகம் பிடிக்கும் வசதி) அணைத்திருந்தால் அந்தக் கட்டம் முழுவதும் நீங்கள் எழுதிய வேகத்தைத் தொடாமலேயே எரிந்து முடிந்திருக்கும். அந்த முடிவை நம்பிப் பெரிய படத்தை ஓட்டினால் வெளிறிப்போகும்.

ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஃபில் (வடிவத்தின் உட்பகுதியை வரிவரியாக எரித்து நிரப்பும்) வேலைக்கும் வெட்டும் வேலைக்கும் தனித்தனி டெஸ்ட் வேண்டும். கிடைத்த எண்ணை மெட்டீரியல் லைப்ரரியில் சேமிக்கும்போது இன்டர்வல், ஃபோகஸ் உயரம், ஏர் அசிஸ்ட் (எரியும் இடத்தில் காற்றை ஊதும் வசதி) ஓடியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவை இல்லாத குறிப்பால் பயனில்லை.

பவரை எவ்வளவு ஏற்றினாலும் வெளிச்சம் மங்கலாகவே இருக்கிறது. அல்லது இருபது சதவீதத்திலேயே முழு பவரில் எரிகிறது. ஏன்?

இது ஏறக்குறைய எப்போதுமே $30 சிக்கல். சாஃப்ட்வேர் பவரைச் சதவீதமாக மெஷினுக்கு அனுப்புவதில்லை. எஸ் என்ற எழுத்தோடு ஒரு எண்ணாக அனுப்புகிறது. எந்த எண்ணை முழு பவர் என்று எடுத்துக்கொள்வது என்பதைப் போர்டுக்குள் இருக்கும் $30 சொல்கிறது. சாஃப்ட்வேருக்குள் அதே எல்லையை எஸ்-வேல்யூ மேக்ஸ் என்ற பெட்டி சொல்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

சாஃப்ட்வேரில் 255 என்றும் போர்டில் 1000 என்றும் இருந்தால், நீங்கள் நூறு சதவீதம் கேட்டாலும் கிடைப்பது 25.5 சதவீதம்தான். எதிர்மாறாக, சாஃப்ட்வேரில் 1000, போர்டில் 255 என்றால், 25.5 சதவீதத்துக்கு மேல் எதைக் கேட்டாலும் முழு பவர்தான். இந்த இரண்டாவது வகை ஆபத்தானது. மெல்லிய காகிதம் பற்றிக்கொள்ளக்கூடும். எது சரியான எண் என்று குழம்ப வேண்டாம், இரண்டிலும் 1000 வைத்துக்கொண்டால் போதும்.

எழுத்துகளின் மூலைகளும் வளைவுகளும் மட்டும் அதிகமாகக் கருகுகின்றனவே?

மூலையில் மெஷின் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப முடியும். வேகம் குறையும்போது பவரும் அதற்கேற்பக் குறையவில்லை என்றால் அந்த இடத்தில் வெப்பம் குவியும்.

ஜிஆர்பிஎல் 1.1 பதிப்பில் வந்த லேசர் மோடு இதற்காகத்தான். $32 என்பது 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 0 என்றிருந்தால் மெஷின் தன்னை மரம் செதுக்கும் ரவுட்டர் என்று நினைத்துக்கொண்டு, பவர் மாறும் ஒவ்வொரு முறையும் நின்று நின்று போகும். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு கருகல் புள்ளி.

அடுத்தது எம்3, எம்4 கட்டளைகள். எம்3 என்பது நிலையான பவர். எம்4 என்பது உண்மையான வேகத்துக்கு ஏற்ப பவரைக் கூட்டிக் குறைப்பது; நின்றால் லேசரும் அணைந்துவிடும். எங்க்ரேவிங்குக்கு எம்4 தான் என் தேர்வு. தடிமனான பலகையை மெதுவாக வெட்டும்போது மட்டும் எம்3 உதவும். அங்கே மூலையில் பவர் குறைந்தால் அந்த முனை வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். லைட்பர்னில் அந்த லேயருக்கு மட்டும் கான்ஸ்டன்ட் பவர் மோடைப் போட்டுக்கொள்ளலாம்.

கார்பன் டை ஆக்சைடு மெஷினில் மின் பவர் (மினிமம், அதாவது குறைந்தபட்ச பவர்), மேக்ஸ் பவர் (அதிகபட்ச பவர்) என்று இரண்டு பெட்டிகள் இருக்கின்றனவே?

அதே மூலைச் சிக்கலுக்கு அந்த மெஷின்கள் தரும் தீர்வு அது. ருய்டா போன்ற கன்ட்ரோலர்கள் நேர்கோட்டில் முழு வேகத்தில் போகும்போது மேக்ஸ் பவரையும், திரும்பும் இடங்களில் மின் பவரையும் கொடுக்கின்றன. கண்ணாடிக் குழாய் ஓர் அளவுக்குக் கீழே பற்றவே பற்றாது. பல குழாய்களில் அது பத்துச் சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். உங்கள் குழாய் எங்கே பற்றத் தொடங்குகிறது என்று சோதித்து, மின் பவரை அதற்குச் சற்று மேலே வையுங்கள். ஃபில் வேலையில் இரண்டையும் ஒரே எண்ணாக வைத்துவிடலாம்.

ஸ்பீடை இரட்டிப்பாக்கினேன், வேலை முடியும் நேரம் குறையவே இல்லை. ஏன்?

முதலில் $110, $111 எண்களைப் பாருங்கள். எக்ஸ், ஒய் அச்சுகளின் அதிகபட்ச வேகம் அங்கே இருக்கிறது, நிமிடத்துக்கு மில்லிமீட்டரில். அங்கே 6,000 இருக்க, நீங்கள் 12,000 கேட்டால் மெஷின் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் 6,000 இலேயே ஓடும்.

அது சரியாக இருந்தால், காரணம் ஆக்சலரேஷன். $120, $121 அதைச் சொல்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரமுள்ள படம், இன்டர்வல் 0.1 மி.மீ. ஆக 1,000 வரிகள். ஆக்சலரேஷன் 500. வினாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் ஒரு வரிக்கு 1 வினாடி. வரியின் முனையில் நின்று திரும்பி மறுபடி வேகம் பிடிக்க 0.4 வினாடி. மொத்தம் 1.4 வினாடி, 1,000 வரிக்கு 23 நிமிடத்துக்குச் சற்று மேல்.

வேகத்தை 200 ஆக்கினால் வரிக்கு அரை வினாடிதான். ஆனால் திரும்ப 0.8 வினாடி. மொத்தம் 1.3 வினாடி. இருபத்திமூன்று நிமிட வேலையில் மிச்சமானது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதற்காக இரு பக்கமும் 40 மி.மீ. ஓடுதூரம் காலியாகத் தேவைப்படும், பெல்ட்டும் அதிரும். நேரத்தைக் குறைக்க விரும்பினால் ஸ்பீடை ஏற்றுவதைவிட, படத்தைத் திருப்பி வைத்து நீளமான பக்கத்தில் வரிகள் ஓடும்படி செய்வது எவ்வளவோ மேல். வரிகள் குறைந்தால் திருப்பங்கள் குறையும்.

ஆக்சலரேஷனை ஏற்றலாம்தான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டால் படம் நடுவில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். அப்படி ஒரு முறை நடந்தால் அந்த எண்ணிலிருந்து நன்றாகவே கீழே இறங்கி நில்லுங்கள்.

படத்தின் இடது, வலது ஓரங்கள் மட்டும் அடர்த்தியாக இருக்கின்றன.

ஓவர்ஸ்கேன் போடுங்கள். லேசர் ஹெட் படத்துக்கு வெளியே போய்த் திரும்பி, முழு வேகம் பிடித்த பிறகே எரிக்கத் தொடங்கும். எவ்வளவு தூரம் தேவை என்பதற்குச் சூத்திரம் எளிது: வினாடி வேகத்தின் வர்க்கத்தை, ஆக்சலரேஷனின் இரண்டு மடங்கால் வகுங்கள். வேகம் 100, ஆக்சலரேஷன் 1,000 என்றால் 5 மி.மீ. பொருளின் இரு பக்கமும் அந்த இடம் படுக்கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் எல்லையைத் தாண்டுவதாக எச்சரிக்கும், அல்லது மெஷின் சட்டத்தில் போய் இடிக்கும்.

நேராக இருக்க வேண்டிய ஓரம் சீப்புப் பல் போல இருக்கிறதே?

போகும் வரியும் வரும் வரியும் ஒன்றுக்கொன்று நேராக அமையவில்லை என்று பொருள். சாஃப்ட்வேர் பவரைக் கொடுப்பதற்கும் லேசர் உண்மையில் ஒளிர்வதற்கும் இடையே மிகச் சிறிய தாமதம் உண்டு. அது ஆயிரத்தில் ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 100 மி.மீ. வேகத்தில் 0.1 மி.மீ. தள்ளிப்போகும். வலப்பக்கம் போகும் வரி வலப்பக்கமாகவும், இடப்பக்கம் வரும் வரி இடப்பக்கமாகவும் தள்ளுவதால், கண்ணுக்குத் தெரியும் இடைவெளி 0.2 மி.மீ.

லைட்பர்னின் டிவைஸ் செட்டிங்ஸில் ஸ்கேனிங் ஆஃப்செட் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீடுக்கும் ஒரு சின்னச் செவ்வகத்தை ஃபில் செய்து, ஓரத்து இடைவெளியை அளந்து, அதில் பாதியை அட்டவணையில் எழுதுங்கள். இடைவெளி நன்றாகத் தெரிய இன்டர்வலைப் பெரிதாக வைத்துக்கொள்வது உதவும்.

அட்டவணையை நிரப்பும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பீடு ஏற ஏற இடைவெளியும் ஏறினால் அது தாமதம். இந்த அட்டவணை அதைத் தீர்க்கும். எல்லா ஸ்பீடிலும் இடைவெளி ஒரே அளவில் இருந்தால் அது பெல்ட் தளர்வு அல்லது சக்கரத்தின் ஆட்டம். அதைச் சாஃப்ட்வேரில் மறைக்க முயலாதீர்கள், பெல்ட்டை இறுக்குங்கள்.

லைன் இன்டர்வல், டிபிஐ இரண்டும் ஒன்றா? எவ்வளவு வைப்பது?

ஒன்றையே இரு விதமாகச் சொல்வது. 25.4 ஐ இன்டர்வலால் வகுத்தால் டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை வரி என்பது. 0.1 மி.மீ. என்பது 254 டிபிஐ. லேசர்ஜிஆர்பிஎல் இதையே மில்லிமீட்டருக்கு எத்தனை வரி என்று கேட்கும். அதில் 10 வரி என்று போட்டால் அதே 0.1.

அளவைத் தீர்மானிப்பது உங்கள் லேசர் புள்ளியின் அகலம். புள்ளி 0.1 மி.மீ. இருக்கும்போது 0.04 இன்டர்வல் வைத்தால் ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியின் மேலேயே மறுபடி எரியும். விவரம் கூடாது, கருப்புதான் கூடும். புள்ளியின் அகலம் தெரியாவிட்டால் இன்டர்வல் டெஸ்ட் ஓட்டுங்கள். வரிகளுக்கு நடுவே வெள்ளை தெரியாமல் மறையும் முதல் அளவே உங்களுக்கானது. ஃபோகஸ் சரியாக இல்லாமல் இதைச் செய்தால் முழுவதும் வீண்.

புகைப்படத்தை எப்படி எரிப்பது? எந்த இமேஜ் மோடு?

லேசர் புள்ளியால் பெரும்பாலான மரங்களில் நம்பகமாகச் செய்ய முடிவது இரண்டு நிறம்தான்: எரிந்த இடம், எரியாத இடம். அதனால் சாம்பல் நிறங்களைப் புள்ளிகளின் அடர்த்தியால் காட்ட வேண்டும். டித்தரிங் என்பது இதுவே. 1976 இல் ஃபிளாய்டும் ஸ்டெயின்பெர்க்கும் வெளியிட்ட முறையிலிருந்து தொடங்கிப் பல முறைகள் இன்று சாஃப்ட்வேரில் இருக்கின்றன. முகப் படங்களுக்கு நான் முதலில் முயல்வது ஜார்விஸ். நிற மாற்றம் மென்மையாக வரும். அட்கின்சன் வெளிச்சப் பகுதிகளைச் சுத்தமாக விட்டு, மாறுபாட்டைக் கூட்டிக் காட்டும். லோகோவுக்கும் கோட்டோவியத்துக்கும் த்ரெஷோல்டு போதும். கிரேஸ்கேல் மோடு பவரையே கூட்டிக் குறைப்பது. பவருக்கு ஏற்பச் சீராக நிறம் மாறும் பொருளில் மட்டும் அழகாக வரும். மரத்தில் பெரும்பாலும் சேறு பூசியது போல ஆகிவிடும்.

மோடைவிடவும் படத்தைத் தயார் செய்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பின்னணியை நீக்குங்கள். திரையில் சற்று அதிகம் என்று தோன்றும் அளவுக்கு வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் ஏற்றுங்கள். மரத்தின் நிறம் வெள்ளை இல்லை. திரையில் வெள்ளையாகத் தெரிவது பலகையில் பழுப்பாகத்தான் நிற்கும், அதனால் நடுத்தர நிழல்கள் எல்லாம் ஒரு படி இருண்டு போகும். விளிம்புகளைக் கூர்மையாக்கினால் கண்களும் முடியும் தெளிவாக வரும்.

படத்தின் டிபிஐயும் லேயரின் இன்டர்வலும் ஒன்றாக இருக்கட்டும். வேறு சாஃப்ட்வேரில் ஏற்கெனவே டித்தர் செய்த படமாக இருந்தால் பாஸ்-த்ரூவை (படத்தை மாற்றாமல் அப்படியே அனுப்பும் வசதி) போடுங்கள். இல்லாவிட்டால் லைட்பர்ன் அந்தப் புள்ளிகளை மறுபடி கலைத்து அடுக்கும். துணி நெசவு போன்ற கோலங்கள் படத்தின் மேல் தோன்றும்.

கருங்கல் பலகை, அனோடைஸ் செய்த அலுமினியம் போன்றவற்றில் லேசர் பட்ட இடம் வெளுக்கும். அங்கே படத்தை நெகட்டிவ் ஆக்கிவிட்டே அனுப்ப வேண்டும்.

படம் ஓடும்போது ஹெட் விட்டுவிட்டு நகர்கிறது.

யூஎஸ்பி வழியாக வரும் தகவல் போதவில்லை. வழக்கமான 115200 பாட் வேகத்தில் வினாடிக்கு 11,520 எழுத்துகள்தான் போகும். ஒரு புள்ளிக்கான கட்டளை பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் என்றால், வினாடிக்கு ஏறக்குறைய 1,000 கட்டளை. 0.1 மி.மீ.க்கு ஒரு புள்ளி என்ற அடர்த்தியில் அது வினாடிக்கு 100 மி.மீ. வேகத்துக்கே சரியாகிவிடும். அதற்கு மேல் போனால் மெஷின் கட்டளைக்காகக் காத்திருக்கும். ஸ்பீடைக் குறையுங்கள், அல்லது இன்டர்வலைப் பெரிதாக்குங்கள், அல்லது மெமரி கார்டு வசதி இருந்தால் ஜி-கோடு ஃபைலை (மெஷினுக்கான கட்டளைகள் அடங்கியது) அதில் ஏற்றி ஓட்டுங்கள். ஃபைலிலிருந்து ஓடும்போது கம்ப்யூட்டர் உறங்கிப்போகும் தொல்லையும் இல்லை.

100 மி.மீ. சதுரம் கேட்டால் 98.5 தான் வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, திரையில் அந்த வடிவம் 100 ஆக இருக்கிறதா என்று. வெளியிலிருந்து கொண்டுவந்த ஃபைல் என்றால் தவறு அங்கேயே இருக்கலாம். டிஎக்ஸ்எஃப் ஃபைல் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் அங்குலமும் மில்லிமீட்டரும் மாறிவிட்டன. எஸ்விஜி ஃபைலில் சின்ன வித்தியாசம் வந்தால், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதில் குழப்பம். இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பில் அந்த எண் 90 இலிருந்து 96 ஆக மாறியது. சில சாஃப்ட்வேர்கள் 72 என்று எழுதும். இம்போர்ட் செட்டிங்ஸில் இதை மாற்றிக்கொள்ளலாம்.

திரையில் சரியாக இருந்து பலகையில் தவறினால் $100, $101 ஐத் திருத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எத்தனை ஸ்டெப் எடுக்க வேண்டும் என்பது அது. பழைய எண்ணைக் கேட்ட நீளத்தால் பெருக்கி, வந்த நீளத்தால் வகுங்கள்: 80 × 100 ÷ 98.5 = 81.218. வெட்டிய துண்டை அளக்காதீர்கள், அதில் லேசர் தின்ற அகலமும் சேர்ந்திருக்கும். இரண்டு மெல்லிய கோடுகளைப் பொறித்து, ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளங்கள். கோடுகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம்.

ஓர் எச்சரிக்கை. சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும் மோட்டார், 1/16 மைக்ரோஸ்டெப், 2 மி.மீ. பல் இடைவெளி கொண்ட பெல்ட், 20 பல் சக்கரம் என்றால் கணக்குப்படி சரியாக 80 தான் வரும். உங்கள் அளவீடு 81.2 என்று சொன்னால், எண்ணை மாற்றும் முன் பெல்ட்டும் சக்கரத் திருகும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வேலை தவறான இடத்தில் தொடங்குகிறது, அல்லது கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி வருகிறது.

திரும்பி வந்தால், டிவைஸ் செட்டிங்ஸில் ஆரிஜின் மூலை தவறு. ஜிஆர்பிஎல் மெஷின்களில் வழக்கமாக முன்பக்க இடது மூலை. அதை மாற்றிப் பார்த்தும் அம்புக்குறியை அழுத்தும்போது ஹெட் எதிர்த்திசையில் போனால், போர்டில் $3 ஐத் திருத்த வேண்டும்.

தொடங்கும் இடத்துக்கு ஸ்டார்ட் ஃப்ரம் என்ற பெட்டி. லிமிட் ஸ்விட்ச் (ஹெட் எல்லையைத் தொட்டதை அறியும் ஸ்விட்ச்) இருந்து, ஹோம் செய்திருந்தால் (ஹெட்டை அந்த ஸ்விட்ச் வரை அனுப்பி இடத்தை அறியச் செய்திருந்தால்) மட்டும் அப்சொல்யூட் கோஆர்ட்ஸ் பயன்படும். ஸ்விட்ச் இல்லாத மெஷினுக்குத் தன் இடம் தெரியாது; ஆன் செய்தபோது எங்கே நின்றதோ அதையே பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மெஷின் வைத்திருப்பவர்கள் கரன்ட் பொசிஷன் வைத்துக்கொண்டு, ஹெட்டைப் பொருளின் மேல் நகர்த்தி, ஃப்ரேம் (வேலையின் எல்லையைச் சுற்றி ஹெட்டை ஓட்டிக் காட்டும் பட்டன்) அழுத்திப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

அலாரம் 2 என்று வந்தால் கேட்ட இடம் படுக்கைக்கு வெளியே. $130, $131 உண்மையான படுக்கை அளவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அலாரம் 1 என்றால் லிமிட் ஸ்விட்ச் இடித்துவிட்டது. எரர் 9 வந்தால் மெஷின் ஏற்கெனவே அலாரத்தில் பூட்டிக் கிடக்கிறது. ஹோம் செய்தால் திறக்கும்.

பெட்டியின் பற்கள் ஒன்றோடொன்று தளர்வாகப் பொருந்துகின்றன.

கெர்ஃப் ஆஃப்செட் கொடுக்க வேண்டும். லேசர் வெட்டும்போது தின்னும் அகலத்தை அளக்க, 20 மி.மீ. அகலமுள்ள பத்துத் துண்டுகளைத் தனித்தனி வடிவங்களாக வெட்டி, நெருக்கி வைத்து மொத்தமாக அளந்துவிடுங்கள். 200 வர வேண்டிய இடத்தில் 198.4 வந்தால், துண்டுக்கு 0.16 போயிருக்கிறது. ஒவ்வொரு ஓரத்திலும் பாதி, அதனால் கெர்ஃப் ஆஃப்செட் 0.08. தடிமன் மாறினால் இதுவும் மாறும்.

ஒரே பாஸில் (ஒரே ஓட்டத்தில்) வெட்டுவதா, பல பாஸா?

ஏர் அசிஸ்ட் ஓடினால் ஒரே பாஸை விரும்புவேன். இரண்டாவது பாஸ் முதல் பாஸின் கரியின் மேல் விழுகிறது, கரி வெப்பத்தை வீணாக்கும். ஏர் அசிஸ்ட் இல்லையென்றால், வேகமாகப் பல பாஸ் போவது தீப்பற்றும் அபாயத்தைக் குறைக்கும். உள்ளே இருக்கும் துளைகளை முதலில் வெட்டும்படி ஆப்டிமைசேஷனில் குறியிட்டுவிடுங்கள். வெளி விளிம்பு முதலில் வெட்டுப்பட்டால் துண்டு நகர்ந்து துளைகள் இடம் மாறும்.

தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றன.

கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால், தமிழை ஒழுங்காகக் காட்டும் இங்க்ஸ்கேப் போன்ற ஒன்றில் தட்டச்சு செய்து, பாத் ஆக மாற்றி, எஸ்விஜியாகக் கொண்டுவாருங்கள். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரிலும் அது மாறாது. ஃபில் செய்யும்போது எழுத்துகள் தொட்டுக்கொள்ளும் இடம் மட்டும் எரியாமல் வெள்ளையாக நின்றால், ஒன்றன்மேல் ஒன்று விழும் வடிவங்களைத் துளை என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெல்டு செய்தால் (ஒரே வடிவமாக இணைத்தால்) சரியாகும். சுழிகள் நிறைந்த எழுத்துகளைச் சின்ன அளவில் பொறிக்கும்போது புள்ளியின் அகலத்தைவிடச் சுழியின் உள்வெளி பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி அடைந்துபோகும். ஒரே தடிமனுள்ள எளிய ஃபான்ட் அங்கே கைகொடுக்கும்.

எந்தப் பொருளுக்கு எந்த செட்டிங்ஸும் சரிப்படாது?

டயோடு லேசரின் நீல ஒளி, சுமார் 450 நானோமீட்டர், நிறமற்ற அக்ரிலிக்கைக் கடந்து போய்விடும். ஸ்பீடை எவ்வளவு குறைத்தாலும் வெட்டாது. கீழே இருக்கும் பலகைதான் கருகும். 10,600 நானோமீட்டரில் ஒளிரும் கார்பன் டை ஆக்சைடு லேசரை அக்ரிலிக் உறிஞ்சிக்கொள்வதால் அது வெட்டும்.

பிவிசி வேறு வகை. அது எரியும், ஆனால் எரிக்கவே கூடாது. வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலை அரிக்கும், மெஷினின் இரும்பையும் லென்ஸையும் அரித்துவிடும். செயற்கைத் தோல் என்று விற்கப்படும் பலவும் பிவிசி பூசிய துணிதான். குரோமியத்தில் பதப்படுத்திய தோலையும் தவிர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் எது என்று தெரியாவிட்டால், காற்றோட்டமான வெளியிடத்தில் ஒரு செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு எடுத்து, அந்த முனையை மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. அந்தத் துண்டை மெஷின் பக்கமே கொண்டுவராதீர்கள்.